நாலரை மணி நேரம் தாங்குவாரா

இன்னும் நாலு மணி பதினாறு நிமிஷம் என்று முன் இருக்கையின் முதுகில் பதித்திருந்த சின்னத் திரை காட்டியது. அதற்குக் கீழே மூவாயிரத்து நூற்றைம்பது கிலோமீட்டர் என்றும் காட்டியது. கலியமூர்த்தி இரண்டையும் பார்த்துவிட்டு, போதாது, இது போதவே போதாது என்று நினைத்தான். தோஹாவிலிருந்து திருச்சிக்குப் போகிற அந்தக் காலை விமானத்தில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள், அத்தனை பேரும் எப்போதடா இறங்குவோம் என்று தவித்துக்கொண்டிருக்க, இவன் ஒருத்தன் மட்டும் இறங்காமலேயே பறந்துகொண்டிருந்தால் என்ன என்று வேண்டிக்கொண்டிருந்தான். கடலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு வேண்டுகிற வேண்டுதலா இது, வாயை மூடு என்று மனசை அதட்டினான். மனசு என்றைக்கு அதட்டலுக்கு அடங்கியிருக்கிறது, அது மறுபடியும் திரைக்கே போயிற்று, நாலு மணி பதினைந்து. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர். ஊரில் வீட்டிலிருந்து செயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு பன்னிரண்டு கிலோமீட்டர், அதற்கு டவுன் பஸ் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அப்படி உருட்டிக்கொண்டு போகிற விமானம் ஒன்று இருந்தால் தேவலை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி இருக்கையின் மேல் மடித்து வைத்துக்கொண்டான். ஏறியதிலிருந்து காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. தரைக்குக் கீழேதான் சாமான் அறை, அங்கே எங்கேயோ, ஒருவேளை நேர் கீழேயே, மாப்பிள்ளை பழமலை பெட்டிக்குள் படுத்திருக்கிறார். தங்கச்சி புருஷன். தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ள வேண்டிய ஆள், அவர் தலைக்கு மேலே காலை வைத்துக்கொண்டு எப்படி வருவது. அவர் செத்து இன்றோடு ஆறாவது நாள். கலியமூர்த்தியின் பயம் அதுகூட இல்லை. திருச்சியில் காத்திருக்கப் போகிற தங்கச்சி தையல்நாயகியைப் பொறுத்தவரை அவர் சாகவே இல்லை, அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்துகொண்டிருக்கிறார்.

சாவை யாரும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, தோஹாவில் தொழிலாளர் கேம்ப்பில் பத்து வருஷம் கிடந்தவனுக்கு அது மனப்பாடம். முதலில் மயங்கி விழுந்துவிட்டார் என்பது. மறுநாள் ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மறுநாள் சீரியஸ், டாக்டர் கையை விரிக்கிறார், சாமியை வேண்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ வீட்டுக்குப் போய், நாலு பெண்களைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மெல்லப் போட்டு உடைப்பார். மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கையைப் பிடித்து இறக்கித் தரையில் விடுவது. கலியமூர்த்தியே இரண்டு குடும்பங்களை அப்படி இறக்கி விட்டிருக்கிறான், பதமாகப் பேசுவான் என்று அவனுக்குப் பெயர். அதனால்தான் திங்கட்கிழமை காலை கேம்ப் அறையில் இருந்த எட்டுப் பேரும் உன் தங்கச்சி, நீதான் சொல்ல வேண்டும் என்று அவன் தலையில் கட்டிவிட்டு, தாங்கள் யாரும் ஊருக்கு வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அவனும் போனில் முறைப்படி முதல் படியில்தான் ஆரம்பித்தான். தையலு, மாப்ள மயங்கி விழுந்துட்டாரு. அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை, கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்தால் வருமே, அப்படி. பிறகு ஒன்றுமே இல்லை, மூச்சுகூட இல்லை. அந்த ஒன்றுமில்லாததில் கலியமூர்த்தி இவளும் போய்விட்டாளா என்று பயந்து, தையலு தையலு என்று கத்தினான், பயப்படாத, கண்ணு முழிச்சுட்டாரு, என்னப் பாத்தாரு என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். கீழே இறக்க வேண்டியவன் ஒரு படி மேலே ஏற்றிவிட்டான். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை கஞ்சி குடித்தார். புதன்கிழமை தாமே எழுந்து பாத்ரூம் போனார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று நர்சிடம் சண்டை பிடித்தார், அதைக் கேட்டுத் தையலு சிரித்தாள். ஐசியூவில் போன் கூடாது, அதனால் அவரோடு பேச முடியாது, மற்றபடி ஆள் நல்லாத்தான் இருக்கிறார். செத்தவரை எழுப்பி உட்கார வைத்து உப்புக் கேட்க வைத்த கைராசிக்காரன். இந்த முட்டாள்தனத்தை உலகத்தில் இன்னொருத்தன் செய்திருப்பானா என்று யோசித்துப் பார்த்தான். செய்திருக்க மாட்டான்.

மூன்று மணி ஐம்பது. நியாயமாகப் பார்த்தால் ராசாங்கமாவது காப்பாற்றியிருக்க வேண்டும். ராசாங்கம் பழமலையின் தம்பி, உடலை அனுப்பச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று கம்பெனி ஆபீஸ் நேராகக் கேட்டபோது ஊரிலிருந்து போட்டு அனுப்பியவன். ஊரில் ஆம்பளைகள் எல்லோருக்கும் தெரியும். பந்தலுக்குச் சொல்லியாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று, சனிக்கிழமைப் பிணம் தனியாகப் போகாது என்பதால் பாடையோடு சேர்த்துக் கட்டி அனுப்ப ஒரு கோழிக்குஞ்சையும் பிடித்துக் கவிழ்த்து வைத்தாயிற்று. தையலுக்கு மட்டும் தெரியாது. நீங்க பக்குவமா சொல்லிட்டு வர்றீங்கல்ல மாமா, நாங்க நடுவுல பூந்து கெடுக்கல என்று ஒதுங்கிக்கொண்டான் ராசாங்கம். நேற்றுத்தான் அவன் குரல் மாறியது. மாமா, அண்ணி ஆம்புலன்சுல நானும் வருவேன்னு நிக்கிது, அவரு தலைக்கு வெக்கத் தலவாணி எடுத்து வெச்சிருக்கு, நீங்க என்னதான் சொல்லி வெச்சீங்க. ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன் ராசாங்கம் என்றான் கலியமூர்த்தி. இன்று காலை ஏறுவதற்கு முன்னால் போன் போட்டான், சத்தியமாகச் சொல்லத்தான் போட்டான், அவள் பேச விட்டால்தானே. அங்க ஆறு மணின்னா இங்க எட்டரை, ஒம்பதுக்கு ராகு காலம் பொறக்குது, அதுக்குள்ள கெளம்பிடுமா என்றாள். கெளம்பிடும். ஒன்றரைக்கு எமகண்டம், அதுக்குள்ள அவர வெளிய கூட்டியாந்துடணும் என்றாள். கூட்டியாந்துடலாம். எத்தினி தொலவு இருக்கும் என்றாள். மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டரு, நாலரை மணி நேரம். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நாலரை மணி நேரம் தாங்குவாராண்ணே?"

தாங்குவாரு என்று சொன்னான். வாய் தானாகச் சொல்லிற்று. சொன்னதோடு நிற்காமல், ஒரு டாக்டரும் கூட வர்றாரு, எறங்குனதும் ஒன்கிட்ட பேசச் சொல்றேன் என்று வேறு சேர்த்துவிட்டான். அது அவன் புத்தி. ஒரு பொய்யை நிற்க வைக்க முட்டுக் கொடுத்தால் அந்த முட்டுக்கு ஒரு முட்டு. மூன்று மணி முப்பத்தெட்டு. குளிர் காற்று தலையில் நேராக இறங்கியது, ஆனாலும் அக்குள் இரண்டும் நனைந்திருந்தன. நெஞ்சுக்குழியில் லேசாக எரிந்தது. அது ஒன்றுமில்லை, வெறும் வயிறு, வாயு என்று நினைத்தான், அந்த வார்த்தை மனசில் வந்ததும் அப்படியே உறைந்துபோனான். வாயு. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பழமலை கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, மச்சான், என்னமோ பண்ணுது, எரியிது, இடது கையி கனமா இருக்கு என்றார். மத்தியானம் மொச்சைக் குழம்பை வெட்டுனீங்கல்ல, வாயு புடிச்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனா மூணு மணி நேரம் ஒக்கார வெப்பான் என்று சொன்னது யார். ஓமத்தைக் கொதிக்க வைத்து டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தது யார். குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டார், பாத்தீங்களா என்று சிரித்தது யார். மறுநாள் காலை வேலை பஸ்ஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் பட்டனில் கை வைத்தபடியே விழுந்தார். அப்படியானால் இதுதான் விஷயம். மாப்ள செத்துட்டாரு என்று சொன்னால் எப்படிச் செத்தார் என்ற கேள்வி வரும், முந்தின நாள் ஒண்ணும் தெரியலியா என்ற கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க முடியாமல்தான் அவரைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறான். தங்கச்சி மேல் இரக்கம் என்று ஐந்து நாளாகத் தனக்கே கதை விட்டுக்கொண்டிருந்தான். இரக்கமாவது ஒன்றாவது, பயம். அவள் பயத்தை விட இவன் பயம் பெரிது. எரிச்சல் தொண்டைக்கு ஏறியது, இடது கையைத் தூக்கிப் பார்த்தான், கனமாக இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நானும் இங்கேயே விழுந்துவிட்டால் என்று நினைத்தான். அது ஒரு வழிதான் என்றும் நினைத்தான், நினைத்ததும் வேர்த்துக் கொட்டியது.

"என்ன தம்பி, ஒடம்பு சரியில்லையா? காலத் தூக்கி வெச்சு ஒக்காந்துருக்கிய," என்றார் ஜன்னல் சீட்டுக்காரர். மாசிலாமணி என்று ஏறும்போதே பெயரைச் சொல்லியிருந்தார், பட்டுக்கோட்டைப் பக்கம், கிரேன் ஓட்டுகிறவர், புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறார். தலையாட்டி வைத்தான். அவர் விடுகிற ஆளாக இல்லை. ஊர் செயங்கொண்டம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, லீவா, எத்தனை மாசம், தனியாவா போறிய என்று வரிசையாகக் கேட்டார். இல்ல, தங்கச்சி வூட்டுக்காரரும் வர்றாரு. நாக்கு அதன் பழக்கத்துக்கு நழுவிவிட்டது. அப்படியா, எங்க ஒக்காந்துருக்காரு என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார் மாசிலாமணி. பின்னாடி. அட, ஒண்ணா வர்றவுங்களப் பிரிச்சுப் போட்டுட்டானா, நம்ம இடம் எங்கயிருந்தா என்ன, நான் அங்க போயிக்கிறேன், அவர இங்க வரச் சொல்லுங்க என்றார். வேணாங்க, தூங்குறாரு. தூங்கட்டும், எந்திரிச்சதும் மாத்திக்குவம், என்ன சட்டை போட்டுருக்காரு. என்ன சட்டை. வெள்ளைத் துணியில் சுற்றி மூடி ஆணி அடித்திருக்கிறார்கள், என்ன சட்டை என்று கேட்கிறார். கலியமூர்த்தி திரையைப் பார்த்தான், இரண்டு மணி முப்பது. ஊரில் இப்போது பத்தரை, ராகு காலம் முடிந்துவிட்டது, ஆம்புலன்ஸ் கிளம்பியிருக்கும். டிரைவருக்குப் பின்னால் அந்தக் குறுகின பெஞ்சில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு தையலு உட்கார்ந்திருப்பாள், எதிரே ராசாங்கம் வாயே திறக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவான். வேகமாப் போங்க என்பாள் அவள். இந்தப் பக்கம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், அந்தப் பக்கம் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். இரண்டு பக்கமிருந்தும் தூரம் தேய்ந்துகொண்டே வருகிறது. எங்கேயாவது ஒரு பக்கம் டயர் வெடிக்கக் கூடாதா.

மாசிலாமணி ஒன்றுக்குப் போக எழுந்தார். வழிவிட்ட கலியமூர்த்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். போகிறவர் சும்மா போனாரா, வரிசை வரிசையாகக் குனிந்து, செயங்கொண்டத்துக்காரர் யாரு, செயங்கொண்டம் யாருங்க என்று விசாரித்துக்கொண்டே போனார். தூங்குகிற ஒரு ஆளைத் தட்டிக்கூட எழுப்பினார். அந்த ஆள் கண்ணைத் திறந்து நிமிர்ந்தபோது கலியமூர்த்திக்கு உயிர் போய் வந்தது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது பழமலையாகவே இருந்துவிடும் என்று நம்பினான். நெற்றி அப்படியேதான் இருந்தது. இல்லை, வேறு யாரோ. ஐந்து நாள் சொல்லிச் சொல்லி அவனுக்கே பாதி நம்பிக்கை வந்திருக்கிறது, கஞ்சி குடித்த வாயைப் பார்த்திருக்கிறான், உப்புக்குச் சண்டை போட்ட குரலைக் கேட்டிருக்கிறான், தையலுக்கு எவ்வளவு இருக்கும். அவளுக்கு இன்றைக்கு ஒரு சாவா, இரண்டு சாவு அல்லவா. திங்கட்கிழமை மயங்கி விழுந்த ஆளும் சாக வேண்டும், அதற்குப் பிறகு பிழைத்து எழுந்த ஆளும் சாக வேண்டும். முதல் ஆளைக் கொன்றது ஓமத் தண்ணீரோ விதியோ, இரண்டாவது ஆளை இவன்தான் பெற்றான், இவனேதான் கொல்லப் போகிறான். மாசிலாமணி திரும்பி வந்து உட்கார்ந்தார். பின்னாடி அப்படி யாரும் இல்லையே தம்பி, நல்லாப் பாத்துட்டேன் என்றார், குரலில் இப்போது ஒரு சந்தேகம் இருந்தது. கலியமூர்த்தி அவரைப் பார்க்கவில்லை. அடுத்த பொய் தயாராகத்தான் இருந்தது, முன்னாடி இடம் மாறிட்டாரு போல என்று சொன்னால் போதும், அவர் முன்னாலும் போய்த் தேடுவார். அலுத்துப் போயிற்று. பயந்து பயந்து பயத்திலேயே ஒரு அலுப்பு வந்துவிட்டது.

"கீழ இருக்காருங்க," என்றான். "பெட்டியில."

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்றிருந்தது. ஆறு நாளில் முதல் தடவையாக ஒரு மனுஷனிடம் தன் வாயால் அதைச் சொல்லியிருக்கிறான், வானம் இடியவில்லை, ஒரு பெண் டீ வேணுமா என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மாசிலாமணி அவனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டுத் தம் பெரிய கால்கள் இரண்டையும் சிரமப்பட்டு மேலே தூக்கி மடித்து வைத்துக்கொண்டார். வீடு கட்டின பேச்சு அதோடு நின்றது. வெகு நேரம் கழித்து, ஏர்போர்ட்டுக்கு யாரு வர்றா என்று மட்டும் கேட்டார். தங்கச்சி. அதுக்குத் தெரியுமா. தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏதாவது சொல்வார், இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லு என்று வழி காட்டுவார் என்று கலியமூர்த்தி காத்திருந்தான், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் வழி இல்லை என்று அர்த்தம். ஒரு மணி ஐந்து. ஐம்பத்திரண்டு நிமிஷம். வாசகங்களை அடுக்கிப் பார்த்தான். தையலு, மனசத் தேத்திக்க. சினிமா வசனம் மாதிரி இருந்தது. தையலு, வழியில ஒரு மாதிரியா ஆயிடுச்சு. ஆகா, இது நன்றாக இருக்கிறதே என்று மனசு துள்ளியது, விமானத்தில் போய்விட்டார் என்று சொன்னால் போதும், கஞ்சியும் உண்மை, உப்பும் உண்மை, ஓமத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நாலரை மணி நேரம் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஒரே வரி. அவளும் அழுதுவிட்டு ஆறிப்போவாள், யார் மேலேயும் குற்றம் இல்லை, ஆகாயத்தின் மேல் குற்றம். அந்த வரியை நாக்கின் அடியில் வைத்து ருசி பார்த்தான். பிறகு பையிலிருந்த ஃபைல் ஞாபகம் வந்தது, அதில் தேதி போட்ட சர்ட்டிபிகேட், ரத்து முத்திரை குத்தின பாஸ்போர்ட், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற பேப்பரிலும் அதே தேதி. ராசாங்கம் வாயையும் ஊரார் வாயையும் மூட வேண்டும். மூட முடியாது என்பதில்லை, பயந்துகொண்டே ஆயுசுக்கும் மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான். காலைக் கீழே வையுங்கள், இறங்கப் போகிறோம் என்று அந்தப் பெண் வந்து சொன்னாள். இருவரும் வைத்தார்கள். தரை ஜில்லென்று இருந்தது. மன்னிச்சுக்குங்க மாப்ள என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான்.

சக்கரம் தட்டியதும் எல்லோரும் வழக்கம்போல எழுந்து நின்றுகொண்டு மேலே இருக்கிற பெட்டிகளோடு மல்லுக்கட்டினார்கள், உட்காருங்கள் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. திரையில் எண்கள் தீர்ந்துபோய் வெறும் திருச்சி என்று இருந்தது. போனைத் திறக்காமல் இருந்தால் இன்னும் ஒரு இருபது நிமிஷம் கிடைக்கும், வெளியே போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், ராசாங்கம் பக்கத்தில் இருப்பான், நாலு பேர் இருப்பார்கள், அதுதான் முறை. ஆனால் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் மாப்பிள்ளை கண் முழித்துவிடுவார் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போனைத் திறந்தான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அடித்தது. எறங்கியாச்சாண்ணே, ஃபிளைட்டு வந்துடுச்சின்னு போர்டுல போட்டுட்டான் என்றாள், மூச்சு வாங்கினாள், நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே பேசுகிறாள். எறங்கியாச்சு. தாங்கிட்டாருல்ல. அவருகிட்ட குடுங்க, ஒரு வார்த்த பேசிட்டுத் தர்றேன், இப்ப ஐசியூ இல்லல்ல என்றாள், கெஞ்சலும் சிரிப்புமாக.

"தையலு, மாப்ள செத்துட்டாரு," என்றான். "வழியில இல்ல. திங்கக்கெழம காலைலயே செத்துட்டாரு. நான் சொன்னது எல்லாம் பொய்யி."

மறுபடியும் அந்த ஒன்றுமில்லாதது வந்தது. மூச்சுகூட இல்லை. ஐந்து நாளுக்கு முன்னால் இதே இடத்தில்தான் பயந்து ஓடினான், இப்போதும் கால் ஓடத்தான் பார்த்தது, முன்னாலும் பின்னாலும் ஆட்கள், நடுவில் மாட்டிக்கொண்டு நின்றான். மாசிலாமணி அவன் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறவர்களைத் தடுத்து நின்றுகொண்டிருந்தார். எதையாவது சொல்லி அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, நிரப்பவில்லை. இன்னொன்றும் பாக்கி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை, அதையும் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். கத்துவாள், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அண்ணன் தங்கச்சி உறவு இதோடு அற்றுப்போகும் என்று காத்திருந்தான். பின்னணியில் ராசாங்கம் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவது கேட்டது. அதற்குப் பிறகு அவள் குரல் வந்தது. அழவில்லை. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து ஏதாவது கேட்பாளே, அந்தக் குரல்.

"அப்ப இத்தினி நாளும் அவரு தனியாவாண்ணே கெடந்தாரு?"

இல்ல தையலு, நான் கூடவேதான் இருந்தேன் என்று பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது, எவ்வளவு இதமாக இருக்கும் அவளுக்கு, இதை யாரும் எந்தப் பேப்பரிலும் சரிபார்க்க முடியாது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஆமா தையலு," என்றான். "தனியாத்தான் கெடந்தாரு. எனக்குப் பயமா இருந்துச்சு. பொணவறைக்கு நான் ஒரு தடவதான் போனேன்."